அல்சூரில் வரைந்த ஜப்பான் பெண்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கோடு போடும் வேலை போயிற்று. நில அளவைப் படங்களை மை பேனாவால் டிரேசிங் தாளில் படியெடுக்கும் டிரேசர் நான். மேடு பள்ளத்தைக் காட்ட வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் இருக்குமே, அவற்றைக் கை எடுக்காமல் இழுப்பேன். என் கை நடுங்கி அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஆளுயர மெஷின் ஒன்றும் வந்து, நான் வாரக்கணக்கில் குனிந்து செய்வதை டீ ஆறுவதற்குள் செய்து முடித்தது. முதலாளி நல்ல மனிதர். எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

நாற்பதை நெருங்கும் வயதில் வீட்டில் சும்மா இருப்பது எனக்கு ஆகவில்லை. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு இரண்டே அறை. பால்காரரோடு சண்டை, பக்கத்து வீட்டு ரேடியோவோடு சண்டை என்று பொழுதைத் தள்ளினேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"ஏம்மே, கை சும்மா இருந்தா உனக்கு வாய் நிக்காது. செவுத்துலயாவது கோடு போடு, என்னை வுட்டுடு."

வழக்கமாக மை வாங்கும் கடையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மை பேனாவில் நிதானமாகக் கோடு போடத் தெரிந்தவர் தேவை என்று இங்கிலீஷில் எழுதி, அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு விலாசம் போட்டிருந்தார்கள். கட்டடப் படம் வரைகிறவர் யாரோ என்று நினைத்துப் போனேன். மாடி வீட்டுக் கதவைத் திறந்தவர் ஒரு ஜப்பான்காரர். என் வயதுதான் இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தார், விரலெல்லாம் மை. ஊருக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் அவர் கணவர் இன்ஜினியர். என்னை உட்காரச் சொல்லி, தடித்த வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். நான்கு பக்கமிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கிக் கோடு இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நாளைக்கே வா என்றார். யாருக்காவது நெஞ்சு திடுக்கிடும்போது முகத்தைச் சுற்றிப் போடுகிற கோடுகள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. யார் திடுக்கிட்டால் எனக்கென்ன, வேலை கிடைத்துவிட்டது.

நாங்கள் பேசிய இங்கிலீஷை அப்படியே எழுதினால் இரண்டு நாட்டுக்கும் அவமானம். அதனால் எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன். நான் அவரை மேடம் என்றேன். அவர் டோக்கியோவில் வெளிவரும் ஒரு பெண்பிள்ளைகள் பத்திரிகைக்குப் படக்கதை வரைகிறவர். டெலிபோன் டைரக்டரி தடிமனுக்கு இருக்கும் அந்தப் பத்திரிகை. மாதா மாதம் அவருடைய பக்கங்கள் அல்சூரிலிருந்து கூரியரில் போகும்.

பனி கொட்டும் வடக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, பதினேழு வயதில், பாடப் புத்தகத்துக்கு அடியில் தாளை ஒளித்து வைத்து ஒரு கதை வரைந்து போட்டிக்கு அனுப்பியிருக்கிறார். பரிசு வந்தது. பள்ளி முடிந்ததும் ஒரே ஒரு பெட்டியோடு டோக்கியோவுக்கு ரயிலேறினார். இருபதுகளில் அவர் வரைந்த பெண்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவிலும் கைக்குட்டையிலும் இருந்தார்களாம். அப்புறம் ரசனை மாறியது, புதிய ஆட்கள் வந்தார்கள், கல்யாணம் ஆனது, கணவருக்கு பெங்களூர் என்றார்கள். அவர் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தொடர்கதை.

அந்த மாடி அறையை நினைத்தால் எனக்கு ஒரே ஒரு நீண்ட பிற்பகல்தான் நினைவுக்கு வருகிறது. எத்தனையோ மாதங்கள் அங்கே போனேன், எல்லாம் ஒன்றோடொன்று கரைந்துபோய்விட்டன. ஜன்னலுக்கு வெளியே ஏரி, அதன்மேல் தூறல். கரண்ட் போகும், வரும். மேஜை இரண்டையும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பேச்சில்லாமல் பேனா கீறும் சத்தத்தோடு உட்கார்ந்திருப்போம். கீழே காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் கூவிக்கொண்டு போவார். அவரிடம் பேரம் பேசி மேடம் கற்றுக்கொண்ட ஒரே உள்ளூர் வார்த்தை 'ஸ்வல்ப', கொஞ்சம் என்று அர்த்தம். எனக்கும் அதைத்தான் சொல்வார். ஸ்வல்ப கருப்பு, ஸ்வல்ப மழை, ஸ்வல்ப காற்று. நான் ஸ்வல்ப காற்றை வரைவேன்.

முகம் மட்டும் அவருடையது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது, அது அவர்கள் தொழிலின் சட்டம். கூந்தலுக்குக் கருப்பு அடைப்பது, வகுப்பறை ஜன்னல், படிக்கட்டு, மரம், மேகம் எல்லாம் என் பங்கு. நிழல் காட்டப் புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒட்டுத்தாள் இருந்தது. அதைப் படத்தின்மேல் ஒட்டி, வேண்டாத இடத்தை பிளேடால் வெட்டி எடுப்பேன். வீட்டுக்குப் போனால் முழங்கையில் ஒரு துண்டு வானம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

பக்கங்கள் வரிசையாக என் கைக்கு வராது. எது முடிகிறதோ அது வரும். எழுத்தோ ஜப்பானிய எழுத்து. கதையைப் படம் பார்த்து நானே ஊகித்துக்கொள்வேன். குட்டை முடியோடு பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, கடலோர ஊர். நெற்றியில் முடி விழும் உயரமான பையன் ஒருவன். இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது தொண்டை வரை இருக்கிறது, சொல்ல மாட்டார்கள். மாதம் பூராவும் சொல்ல மாட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் காலையில் பஸ் ஏறும்போதே இன்றைக்காவது சொல்லுவாளா என்றுதான் மனம் அடித்துக்கொள்ளும்.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம். எந்தக் கதை பிடித்தது என்று வாசகிகள் தபால் அட்டையில் எழுதிப் போட வேண்டும். கடைசிக்குப் போகும் கதையை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கதை கடைசிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. இன்னும் ஓரிரு மாதம் பார்ப்போம் என்று டோக்கியோவிலிருந்து எடிட்டர் போனில் சொல்லிவிட்டார். மேடம் அன்று பேனாவைத் தொடவில்லை. பிறகு என்னிடம் சொன்னார், கதை முழுதாக ஓடினால் கடைசியில் ஒன்று வரைய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கதையையே தொடங்கினேன் என்று.

"என்ன மேடம்?"

"அவளை நாற்பது வயசுக்காரியா வரையணும்."

இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது. அவர் விளக்கினார். பெண்பிள்ளைகள் கதையில் கதாநாயகிக்கு வயதாகாது. பையன் கையைப் பிடித்ததும் கதை முடிந்துவிடும். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் வாசகிகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று எடிட்டர்கள் நினைக்கிறார்கள். இவர் எத்தனையோ கதை வரைந்தும் ஒரு பெண்ணைக்கூடப் பதினேழு தாண்டிக் கூட்டிக்கொண்டு போனதில்லை. இந்தப் பெண் பையனை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, தன் வழியே போய், நாற்பதை எட்ட வேண்டும். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் அது நடக்காது. சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் மனம் கனத்தது. ஏனென்று அன்று புரியவில்லை.

இப்போது பூ விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்டின் டவுன் பக்கம் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலையில் வைக்கிற பூ என்றால் கட்டிய பூ. சாமிக்கு உதிரிப்பூ உண்டு, ஆனால் அது தட்டில் இருக்கும். தெருவில் இறைபடுகிற உதிரிப்பூவுக்கு எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். மேளச்சத்தம் கேட்கும், வண்டியின் மேலிருந்து யாராவது ரோஜாவையும் சாமந்தியையும் பிய்த்துப் பிய்த்து வீசிக்கொண்டு போவார்கள். அதை மிதிக்காமல் ஓரமாக நடக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

ஒரு சாயங்காலம் நான் கிளம்பும்போது மேடம் ஒரு முழுப்பக்கப் படத்தைத் தந்தார். முகத்துக்கு அவர் மை போட்டுவிட்டார், மற்றதெல்லாம் பென்சிலில் இருந்தது. ரயில்வே பிளாட்பாரம். ஓரத்தில் போய்க்கொண்டிருக்கும் ரயிலின் வால். நடுவில் அந்தப் பெண், வெள்ளைச் சட்டை, மூடிய கண்கள். அவளைச் சுற்றி, தலைக்கு மேல், காலடியில், பக்கம் பூராவும் உதிரிப்பூ. கதையை நிறுத்தப் போகிறார்கள் என்று அவளை இங்கேயே முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து காபி போடும்போது கண்ணீர் வந்துவிட்டது.

"யாரு செத்துட்டா?" என்றார் வீட்டுக்காரர், பதறிப்போய்.

"ரயில்ல பாஞ்சிட்டாய்யா அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

"படத்துல வர்ற பொண்ணு."

அவர் சிரிக்கவில்லை, அது அவர் பெரிய குணம். "அந்தம்மா கையில தானே இருக்குது, வோணாம்னு சொல்லு" என்றார்.

மறுநாள் போனால் மேடத்துக்குக் கடும் காய்ச்சல். கண்ணையே திறக்கவில்லை. ஏற்கெனவே நாள் கடந்துவிட்டது, மத்தியானம் கூரியர்க்காரர் வந்துவிடுவார், பக்கத்தை முடித்துக் கொடுத்துவிடு என்று அவர் கணவர் சொன்னார். நான் மேஜைமுன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பூவுக்கும் மை போட்டேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. பூ உதிரியாக இருந்தால்தானே சாவு? கட்டிவிட்டால்? மெல்லிய பேனாவை எடுத்து, அவள் விரலிலிருந்து ஒரு நூலைத் தொடங்கினேன். பக்கத்துப் பூவில் கோத்தேன், அடுத்ததில் கோத்தேன், காற்றில் வளைந்து வளைந்து ஒரு பூ விடாமல் கட்டிக்கொண்டே போனேன். கை எடுக்கவில்லை. நூல் பக்கத்தின் ஓரத்தில், ரயிலின் வாலருகே போய் முடிந்தது. அந்தப் பக்கத்தில் பூ அத்துடன் தீர்ந்துவிட்டது, வேறு காரணம் இல்லை. அவள் செத்தவள் போலவே இல்லை இப்போது. கோயிலுக்குக் கிளம்பிய பெண்ணாகத் தெரிந்தாள். பக்கங்களைக் கட்டி அனுப்பிவிட்டு, திருப்தியாகச் சாப்பிட்டேன். அதைத் தப்பென்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். செத்துக்கொண்டிருந்தவளைக் காப்பாற்றினேன்.

சில வாரம் கழித்துப் பத்திரிகை பார்சலில் வந்தது. மேடம் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இது என்ன?" என்றார். நான் சொன்னேன். மேளம் அடித்துக் காட்டி, பூவை வீசிக் காட்டி, பாடையில் படுத்தும் காட்டினேன். அவள் சாகவில்லை, பூத்திருக்கிற மரத்தடியில் ரயில் நிற்கும், காற்றுக்குக் கண்ணை மூடியிருக்கிறாள், மனம் நிறைந்தால் பின்னால் பூ விழுவதுதான் இந்தக் கதைகளின் முறை என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் அது, என்றார் இரண்டு தடவை. எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். பூ என்றால் பூ மாதிரி வரையுங்கள் மேடம், பிணத்துக்குப் போடுகிற மாதிரி வரைந்தால் நான் என்ன செய்வேன் என்றேன். அன்று ஆளுக்கொரு மேஜையில் முதுகு காட்டிக்கொண்டு வேலை செய்தோம்.

அப்புறம்தான் போன் வந்தது. தபால் அட்டைகள் குவிகின்றனவாம். அந்த நாட்டில் ஒரு நம்பிக்கை: சேர வேண்டிய இருவருடைய விரல்களைக் கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று கட்டியிருக்கும், அது சிக்கும், நீளும், அறாது. பெண்ணின் விரலில் தொடங்கி பையன் ஏறிய ரயில் வரை போன என் நூலை வாசகிகள் அதுவென்றே எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கதை கடைசியிலிருந்து கிடுகிடுவென்று மேலே போய்விட்டது. நிறுத்துகிற பேச்சே இல்லை.

நான் துள்ளினேன். மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கதை பிழைத்துக்கொண்டது, ஆனால் பெண் மாட்டிக்கொண்டாள். நூலைக் காட்டியாகிவிட்டது, இனி அவளை அவனோடு சேர்க்காமல் விட முடியாது, கடைசியில் கல்யாணம் வேண்டும் என்று எடிட்டர் இப்போதே சொல்லிவிட்டார். நாற்பது வயது முகத்துக்கு அதில் இடமில்லை.

"கட்டி வெச்சிடுங்க மேடம். பையன் நல்ல பையன்தான்" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, புள்ள குட்டி."

"அதுக்கப்புறம்?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி சாயங்காலம் பஸ்ஸில் என்னோடு வந்தது, வாசற்படி ஏறி வீட்டுக்குள்ளும் வந்தது.

அதற்குப்பின் வந்த மாதங்கள் தூக்கத்தில் நடந்த மாதிரி போயின. எடிட்டர் கேட்டபடி எல்லா மாதமும் நூல் வந்தது. குடை விரித்தால் நூல், அலை வந்தால் நூல். நான்தான் இழுத்தேன். மேடம் சொன்னதைச் செய்தார், முகங்களை அழகாகத்தான் வரைந்தார், ஆனால் வரைந்து முடித்ததும் திரும்பிப் பார்க்க மாட்டார். மழை நின்று, சாலையோர மரங்கள் இலை உதிர்த்து ரோஜா நிறத்தில் பூத்து, அதுவும் உதிர்ந்தது. நான் அந்தப் பூவை மிதிக்காமல் நடந்து வருவதை அவர் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ஒருநாள் அவரும் இறங்கி வந்து, என்னோடு ஓரமாகவே நடந்தார்.

கடைசி அத்தியாயம் வந்தது. எடிட்டருக்கு பேக்ஸில் அனுப்பிய பென்சில் நகலில் கல்யாணம் இருந்தது, நானே பார்த்தேன். ஆனால் மேடம் வேலையைத் தள்ளிக்கொண்டே போனார். கூரியருக்கு நேரம் நெருங்கியபோது என் மேஜைக்கு வந்த பக்கங்களில் கல்யாண உடையே இல்லை. அந்தப் பெண் கடற்கரையில் நின்று விரலை விரிக்கிறாள். நூல் காற்றோடு போகிறது. அவ்வளவுதான்.

"மேடம், கல்யாணம் எங்க?"

"இல்லை."

"அங்க ஒத்துக்குவாங்களா?"

நேரம் கடந்து போய்ச் சேர்ந்தால் வந்ததை அச்சடிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை, அது உன் பூவில் தெரிந்துகொண்டது என்றார். அப்படிச் செய்தவருக்கு மறுபடி யாரும் பக்கம் தரமாட்டார்கள், அதுவும் அவருக்குத் தெரியும். எனக்குப் பகீரென்றது. வேலை போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். திட்டினேன். கெஞ்சினேன். அவர் கடைசிப் பக்கத்தை என்முன் வைத்தார்.

ஏரிக்கரையில் ஒரு கல் பெஞ்ச். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பின்னால் பூ இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. முகத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் மையில் இருந்தன. கண்ணோரமும் வாயோரமும் பென்சில் கோடு மட்டும் மங்கலாக நின்றது.

"அந்தச் சுருக்கமெல்லாம் நீ போடு" என்றார். "இந்த இடத்தை வெள்ளையா விட்டே பழகிட்டேன். கை போகமாட்டேங்குது."

முகத்தில் என்னைக் கைவைக்கச் சொன்னது அது ஒன்றுதான். மேடு பள்ளம் எனக்குப் பழக்கம். ஆனாலும் எடுத்த பேனாவை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தேன். கண்ணுக்குக் கீழே ஒன்று. வாயோரம் ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தக் குட்டை முடிப் பெண் என்னைப் பார்த்து நெருங்கி வந்துகொண்டே இருந்தாள்.

பத்திரிகை வந்தது, அச்சாகியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு பிற்பகல் போன் அடித்தது. மேடம் நின்றுகொண்டே கேட்டார். ரிசீவரைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கினார், ரொம்ப நேரம். வைத்துவிட்டுத் திரும்பி, முடிந்தது என்றார். வாசகிகளுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றிவிட்டார் என்று அழுதிருக்கிறார்களாம். இனி பக்கம் கிடையாது, அந்தப் பத்திரிகையில் மட்டுமல்ல.

நான் வெடித்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழில், இத்தனை பேரும் புகழும், எல்லாவற்றையும் விட்டு என்ன கண்டீர்கள்? ஒருத்திக்கு நாற்பது வயதாவதைக் காட்டவா? அதுவும் அவள் என்ன செய்கிறாள்? ஒரு வேலையா வெட்டியா, சும்மா உட்கார்ந்திருக்கிறாள்!

மேடம் கோபப்படவில்லை. ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்த என் பக்கத்தில் வந்து அவரும் உட்கார்ந்தார்.

"பதினேழு வயசுல முதல் முதலா வரைஞ்சேனே, அது இவதான்" என்றார். "பேரை மாத்துவேன், முடியை மாத்துவேன். ஆள் ஒருத்திதான். நான் கல்யாணம் பண்ணி, ஊர் மாறி, கண்ணாடி போட்டு, இவ்வளவு தூரம் வந்துட்டேன். அவளைப் பதினாறு வயசுலயே நிக்க வெச்சுட்டு வந்துட்டேன். எவ்வளவு கால் வலிச்சிருக்கும், பாவம்."